ஏணியா? முத்திரையா?

கையிலே சோற்றுப் பாத்திரமும், தோளிலே துண்டும், முகத்திலே களைப்புமாக இரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியிலே இந்தத் திடலிலே நின்றுவிட்ட தோழர்களே! நெமிலிச்சேரியிலே இன்று நான் பேசுவதை ஞாயிறன்று ஏட்டிலே படிக்கப் போகின்ற தோழரே!

காலையிலே இந்த நிலையத்திலே நின்று பாருங்கள். திருநின்றவூர்ப் பக்கமிருந்து வண்டி வரும். வருகிற வண்டியிலே இடம் இருக்காது, ஆனாலும் ஏறுவார்கள். ஆவடியிலே இறங்குவோர் ஒரு கூட்டம், அம்பத்தூரிலே இறங்குவோர் ஒரு கூட்டம், பெரம்பூர் வரை போவோர் ஒரு கூட்டம். கடைசல் பிடிப்பவர், பற்றவைப்பவர், பொருத்துபவர், கம்பி கட்டுபவர், சாரம் கட்டுபவர், சுண்ணாம்பும் வண்ணமும் பூசுபவர், கலவை சுமப்பவர். இவர்களிலே பாதிப்பேரை நிறுத்தி, 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேளுங்கள் - ஒரு மணி நேரம் சொல்லுவார்கள். 'தெரியும் என்பதற்குத் தாள் எங்கே?' என்று கேளுங்கள் - தலை குனிவார்கள்.

ஏன் குனிய வேண்டும்? வண்டலூரிலே தொடங்கி, இதோ நம் ஊரைத் தொட்டு, மீஞ்சூர் வரை ஓடுகிறதே வெளிவட்டச் சாலை - 62 கிலோமீட்டர்! - அதிலே பாலம் தாங்குகிற கம்பியை வளைத்துக் கட்டியவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கல்வெட்டு வேண்டாம், தோழர்களே! அடுத்த ஊரிலே, அடுத்த வேலையிலே, 'இவனுக்குத் தொழில் தெரியும்' என்று சொல்ல ஒரு தாளாவது உண்டா? அதுதான் இல்லை! ஒவ்வொரு வாயிலிலும் அவன் புதியவனாக நிற்கிறான். இருபது ஆண்டு உழைத்தவனும் இருபது நாள் உழைத்தவனும் ஒரே வரிசையிலே, ஒரே கூலிக்கு!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. பெயர் பெரிது, பயந்துவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தில்லி அரசு அதனை அறிவித்தது. அப்போது பத்துப் படிகள் வைத்தார்கள். 2023ஆம் ஆண்டிலே திருத்தி எட்டுப் படிகளாக்கினார்கள். அடிப்படியிலே சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவன். நடுப்படியிலே தானே முடிவெடுத்துச் செய்பவன். மேற்படியிலே பிறருக்குக் கற்றுத் தருபவன், ஆராய்பவன். எத்தனை ஆண்டு பள்ளிப் பலகையிலே உட்கார்ந்தாய் என்பதல்ல கேள்வி; இன்று உனக்கு என்ன செய்யத் தெரியும் என்பதே கேள்வி. தெரிந்ததைச் சோதித்துப் பார்த்து, அதற்குரிய படியிலே உன்னை நிறுத்த வேண்டும். அங்கிருந்து அடுத்த படிக்கு நீ ஏற வேண்டும். இருபது வயதிலும் ஏறலாம், ஐம்பது வயதிலும் ஏறலாம் - எண்ணம் அதுதான்.

நல்ல எண்ணம்! நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு என்ன தயக்கம்? தில்லியிலிருந்து வந்துவிட்டதாலேயே கோதுமையைக் கீழே கொட்டிவிடுகிறோமா? இல்லை. ஆனால், வந்த மூட்டையிலே கோதுமை இருக்கிறதா, உமி இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டல்லவா? பார்ப்போம்.

நான் நாடகம் எழுதுகிறவன். வாதத்தை வாதமாகச் சொல்வதைவிடக் காட்சியாகக் காட்டுவது எனக்கு எளிது. காணுங்கள்.

இடம்: எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடம். நேரம்: நண்பகல். சுவரோரம் மேஸ்திரி. தலையிலே சும்மாட்டோடு ஒரு சித்தாள். கையிலே ஏட்டோடு ஓர் அதிகாரி வருகிறார்.

அதிகாரி: அம்மா! எத்தனை ஆண்டாக இந்த வேலை?

சித்தாள்: இருபத்திரண்டு வருடம் ஐயா. கலவை சுமக்கிறேன். மணல் சலிப்பேன். செங்கல் நனைத்து எடுத்துக் கொடுப்பேன். சுவருக்குத் தண்ணீர் விடுவேன்.

அதிகாரி: கலவைக்கு என்ன கணக்கு என்று தெரியுமா?

சித்தாள்: எந்தக் கலவை ஐயா? கட்டவா, பூசவா, கூரை போடவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். வெயிலிலே கலந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கலவை செத்துப்போகும்.

அதிகாரி: (வியந்து) சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க?

சித்தாள்: தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கணும். மேஸ்திரி பார்க்கும்போது நூலின் மறுமுனையைப் பிடிப்பது நான்தானே!

அதிகாரி: பின் ஏன் நீங்கள் கொத்தனார் ஆகவில்லை?

மேஸ்திரி: (சிரித்து) பெண்பிள்ளை கரண்டி பிடிப்பதா? நல்ல கதை சார்!

அதிகாரி: (ஏட்டைப் புரட்டியபடி) எனக்குத் தந்த பட்டியலிலே இவர் செய்யும் வேலைக்கு 'உதவியாள்' என்றுதான் இருக்கிறது. எழுதிவிட்டேன். இந்தாருங்கள் அம்மா, சான்றிதழ்.

சித்தாள்: இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய ஐயா?

அதிகாரி: பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரை!

சிரிக்கிறீர்கள். தாய்மார்கள் பக்கத்திலே மட்டும் சிரிப்பு இல்லை, கவனித்தேன். கட்டட வேலைக்குப் போகும் ஆண் சித்தாளாகச் சேருவான், சில ஆண்டுகளிலே கரண்டி பிடிப்பான், கொத்தனார் ஆவான், மேஸ்திரியும் ஆவான். பெண் சித்தாளாகச் சேருவாள், சித்தாளாகவே கிழவியாவாள். இடையிலே அவள் கற்றது எதுவும் இல்லையா? கண்ணாலே கற்றாள், கையாலே கற்றாள், இருபத்திரண்டு ஆண்டு கற்றாள். கற்றதை ஒப்புக்கொள்வார் இல்லை. மேலே கற்கவும் வழி இல்லை. இந்தப் பெண்ணுக்கு உதவாத தகுதிக் கட்டமைப்பு யாருக்குத் தேவை? தாள் இருப்பவனுக்கு இன்னொரு தாள் தரவா?

முன்பே கற்றதைச் சோதித்து ஏற்பது என்ற திட்டத்தை, 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் திறன் திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்தார்கள். 2016ஆம் ஆண்டுக்குப் பின் வந்த கட்டத்திலே, சில மணி நேர அறிமுக வகுப்பு, அதன்பின் சோதனை, தேறினால் சான்றிதழ், கூடவே 500 ரூபாய் பரிசு! ஐந்நூறு ரூபாயைக் குறை சொல்லவில்லை, அரிசி வாங்கலாம். ஆனால் தேறியவன் மறுநாள் அதே வேலைக்கு, அதே கூலிக்குப் போனானே, அதற்கு என்ன விடை? 2025ஆம் ஆண்டு டிசம்பரிலே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையைப் பாருங்கள். பயிற்சி பெற்றதாகக் கணக்கிலே காட்டப்பட்டவர்களுள் மிகப் பலருக்கு வங்கிக் கணக்கு விவரமே ஒழுங்காக இல்லை. கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்திலே ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒரே எண்ணை வரிசையாகத் தட்டி வைத்த பதிவுகளும் உண்டு! நாடகத்திலே இப்படி ஒரு காட்சி எழுதினால், 'மிகைப்படுத்துகிறான்' என்று என்னைத் திட்டியிருப்பீர்கள்.

அதனாலேதான் கேட்கிறேன் - தருவது ஏணியா, முத்திரையா? முத்திரை என்றால் நிற்கிற இடத்திலேயே குத்துவது. மாட்டுக்குச் சூடு போடுவது போல. ஏணி என்றால் அடுத்த படி இருக்க வேண்டும். அந்தப் படி காலைத் தாங்க வேண்டும்.

இந்த ஏணியை முதன்முதலில் உரக்கக் கேட்டவர்களிலே நம்மைப் போன்ற தொழிலாளர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலே நிறவெறி ஆட்சி நடந்த காலம். கறுப்புத் தொழிலாளி இயந்திரத்தை ஓட்டுவான். வெள்ளை இளைஞன் வந்தால் அவனுக்குக் கற்றும் கொடுப்பான். கற்றுக்கொண்ட வெள்ளையன் கைவினைஞன் என்று சான்று பெறுவான். கற்றுக்கொடுத்தவன் வெறும் கூலியாகவே நிற்பான். அங்கே உலோகத் தொழிலாளர் சங்கம் எழுந்து கேட்டது: 'எங்களுக்குத் தெரிந்ததை அளந்து பார்! தெரிந்த அளவுக்குப் படி கொடு! படி உயர உயரக் கூலி கொடு!' 1994இலே விடுதலை வந்தது. 1995இலே தகுதிக் கட்டமைப்புக்குச் சட்டம் வந்தது. அளவுகோல்களை எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள்! பல தகுதிகள் ஏட்டிலே இருந்தன; அவற்றைப் படிக்க வகுப்பும் இல்லை, கற்றுத்தர ஆசிரியரும் இல்லை. 2008ஆம் ஆண்டிலே சட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. படியின் பெயரை எழுதிவிட்டால் படி வந்துவிடாது. மரம் வேண்டும், ஆணி வேண்டும், தச்சன் வேண்டும். அம்பத்தூர்த் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரான்சு நாட்டிலே வேறு வழி கண்டார்கள். 2002ஆம் ஆண்டு சனவரிச் சட்டம் சொன்னது: மூன்றாண்டு ஒரு தொழிலைச் செய்தவன், அந்தப் பட்டறிவை எழுதிக் காட்டி, நடுவர் முன் நின்று விடை சொல்லி, அதற்குரிய பட்டயத்தைக் கேட்டுப் பெறலாம். 2016இலே அந்த மூன்றாண்டை ஓராண்டாகக் குறைத்தார்கள். இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று - கல்லூரியிலே படித்தவனுக்கு எந்தப் பட்டயமோ, அதே பட்டயம்தான் பட்டறையிலே படித்தவனுக்கும்! 'பட்டறைப் பட்டயம்' என்று தனி நிறத்திலே அச்சிட்டு ஒதுக்குவதில்லை. நமக்குத் தனிக் குவளையின் வரலாறு தெரியும், தோழர்களே. தனித் தாளும் தனிக் குவளைதான்.

கடல் கடந்து அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையிலே தேசியத் தொழிற்றகைமை என்று ஏழு படிகள் வைத்திருக்கிறார்கள். நான்காம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளமோ, ஏழாம் படி பட்டம். அந்த மேற்படிகளுக்கென்றே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்தார்கள். வண்டி பழுது பார்க்கும் பட்டறையிலே தொடங்கியவன் பட்டம் வரை போக ஒரே ஏணி! அங்கும் ஏறி முடித்தவர் சிலரே என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஏணி நடுவிலே அறுந்து தொங்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலே ஏணி இல்லையா? உண்டு! துண்டு துண்டாக உண்டு. இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்; நாளைக்கே உங்களுக்கு உதவும்.

எட்டாம் வகுப்போடு நின்றவன், அதற்கு இடம் தரும் தொழிற்பிரிவிலே இரண்டாண்டு தொழிற்பயிற்சி நிலையத்தில் - நம் அம்பத்தூரிலேயே அரசு நிலையம் இருக்கிறது - பயின்று தேறுகிறான். பிறகு தமிழ், ஆங்கிலம் என்ற இரண்டு மொழித் தாள்களை மட்டும் எழுதித் தேறினால், பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பயிற்சி பெற்றவனுக்கு, அதே வழியிலே பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை. பத்தும் இரண்டாண்டுப் பயிற்சியும் முடித்தவன் பாலிடெக்னிக்கிலே நேராக இரண்டாம் ஆண்டிலே சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவன் பொறியியல் கல்லூரியிலே நேராக இரண்டாம் ஆண்டிலே சேரலாம். எண்ணிப் பாருங்கள்! எட்டாம் வகுப்பிலே பள்ளியை விட்ட பிள்ளை, பொறியாளனாக வெளியே வர ஒரு வழி இந்த மண்ணிலே இருக்கிறது. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? கிளைக்கழகத் தோழர்களே, உங்களிலே எத்தனை பேருக்குத் தெரியும்? தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை மனப்பாடம் செய்கிறோமே, இந்தப் படிகளை மனப்பாடம் செய்தால் என்ன?

நிலையத்திலே சேரவே வழியில்லாதவன்? பட்டறையிலேயே தொழில் கற்றவன்? அவனுக்கும் ஒரு சாளரம் உண்டு. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தொழிலிலே மூன்றாண்டுப் பட்டறிவு கேட்பார்கள். தேறினால் நிலையத்திலே படித்தவனுக்குத் தரும் சான்றிதழ்தான். இதற்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது - ஏட்டின் மூலையிலே, வரி விளம்பரத்துக்குப் பக்கத்திலே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்திலே! 1950ஆம் ஆண்டிலே கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1956இலே தொழிற்பயிற்சிக்குத் தேசிய மன்றம். 1961இலே தொழிற்பழகுநர் சட்டம். இத்தனை ஆண்டுகளாகச் சாளரம் இருக்கிறது. சாளரம் இருக்கும் சுவர் எது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

இங்கே முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், கூட்டம் தொடங்குமுன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி! தொழிலுக்குச் சான்றிதழ், தொழிலுக்குச் சான்றிதழ் என்கிறாயே, 53ஆம் ஆண்டு வந்ததே, அது மறுபடி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறதா?"

கூர்மையான கேள்வி! இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 1953ஆம் ஆண்டு, இராஜாஜி முதலமைச்சர். சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பாடம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார்கள். வண்ணார் மகன் வெளுக்க, குயவர் மகன் வனைய, நாவிதர் மகன் மழிக்க. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. பெரியார் எதிர்த்தார், கழகம் எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954இலே அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், அந்த ஆண்டே திட்டம் போயிற்று.

பெரியவரே, அந்த அச்சம் வீண் அச்சமல்ல. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைத் தில்லி தொடங்கியது. 18 தொழில்கள். பயிற்சி உண்டு, கருவி உண்டு, கடன் உண்டு, சான்றிதழும் உண்டு. ஆனால் குடும்பத் தொழிலாக, வழிவழியாகச் செய்து வருவதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை! தமிழ்நாடு அரசு 2024 நவம்பரிலே எழுதியது: அந்த நிபந்தனையோடு இத்திட்டம் இங்கே வேண்டாம். வேண்டாம் என்றதோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரலிலே, இதோ பக்கத்திலே குன்றத்தூரிலே, கைவினைத் திட்டம் என்று வேறொன்றைத் தொடங்கினார்கள். 25 தொழில்கள், 35 வயது நிரம்பியவர்க்கு; யார் மகன், யார் மகள் என்ற கேள்வி இல்லை. வயதைக் கவனியுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து அப்பன் தொழிலிலே உட்கார வைப்பது வேறு. அவன் கல்லூரிக்குப் போகட்டும். முப்பத்தைந்து வயதிலே தொழிலிலே நிற்பவனுக்குக் கை கொடுப்பது வேறு.

ஆனாலும் அதோடு என் வாதம் முடியவில்லை. தச்சனுக்குத் 'தச்சன்' என்று சான்றிதழ் கொடுத்து, அதற்கு மேலே ஒன்றுமில்லை என்றால், சாதி செய்த வேலையை அரசு முத்திரை செய்துவிடுகிறது. தச்சன், வரைபடம் போடக் கற்றுக் கட்டடக்கலைக்குப் போக வழி வேண்டும். அதே தச்சன், 'மரம் போதும். மின்சார வேலை கற்கப் போகிறேன்' என்றால், அளக்கத் தெரியும், வரைபடம் படிக்கத் தெரியும் என்ற அளவுக்கு அவன் முன்பு கற்றதைக் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் கற்பிக்க வேண்டும். மேலே ஏறவும் வேண்டும், பக்கவாட்டிலே தாண்டவும் வேண்டும். அப்படிப்பட்ட ஏணி குலக்கல்விக்கு நேர் எதிரி. பிறந்த தொழிலை விட்டு வெளியேற உதவும் தகுதிமுறை எதுவோ, அதை நாம் கேட்கிறோம்.

இனி, சற்றுக் கசப்பான பகுதி. நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா?

2002ஆம் ஆண்டு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சட்டமியற்றித் தோற்றுவித்தோம். பள்ளிப் படிப்பு அறுந்தவர்களும் ஆயத்தப் படிப்பு ஒன்றைத் தேறி, பட்டப் படிப்புக்கு வரலாம் என்றது திறந்தநிலை முறை. வந்தார்கள். ஓட்டுநர் வந்தார், காவலாளி வந்தார், சத்துணவுக் கூடத்து அம்மையார் வந்தார். இரவிலே படித்தார்கள், பட்டமும் பெற்றார்கள். 2009ஆம் ஆண்டிலே ஓர் அரசாணை வந்தது. பத்தும் பன்னிரண்டும் முறையாக முடித்தபின் பெற்ற பட்டம்தான் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும், மற்றது செல்லாது! அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலையிலே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாதென்று அதே ஆண்டு உச்சநீதிமன்றமும் சொல்லியிருந்தது.

பல்கலைக்கழகமும் அரசின் சட்டத்தால் வந்தது. ஆணையும் அரசின் ஆணை. வலக்கை பட்டம் கொடுத்தது, இடக்கை பிடுங்கிக்கொண்டது! யார் ஆட்சியிலே என்று கேட்பீர்கள். யார் ஆட்சியிலானால் என்ன? கையெழுத்து நம்முடையதானாலும் வாதம் மாறாது. அரசுத் தரப்பிலும் நியாயம் சிறிது உண்டு. தாளை விற்பனைச் சரக்காக்கிய படிப்பு மையங்கள் சில நாட்டிலே இருந்தன. திருடன் புகுந்தான் என்றால் பூட்டைச் செப்பனிடு! வாசலையே சுவராக்கி அடைத்துவிடுவதா? ஐயம் இருந்தால் தேர்வு வை. கடுமையாகவே வை. அதை எங்கள் ஓட்டுநர் எழுதுவார். 'நீ எங்கே நிற்கிறாய்?' என்று கேட்டால் விடை சொல்லலாம். 'எந்தப் படியிலே முதலிலே கால் வைத்தாய்?' என்று ஐம்பது வயதுக்காரரைக் கேட்டால் அவர் எங்கே போவார்? பதினாறு வயதுக்குத் திரும்பிப் போவாரா?

எனக்கும் இதிலே சிறு பங்கு உண்டு. கல்லூரியை நடுவிலே விட்டவன் நான். தந்தையார் படுக்கையிலே விழுந்தார், வீட்டிலே உலை கொதிக்க வேண்டும், விட்டேன். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டேன். தேறிய தாள்கள் தேறியவைதாமே, மீதியைப் படிக்கிறேன் என்றேன். முதலாண்டிலிருந்து தொடங்கு என்றார்கள். மேடைக்கு வந்துவிட்டேன், அதிலே எனக்கு வருத்தமில்லை, கேட்கிற உங்களுக்கு இருக்கலாம்!

ஆகவே, படித்த அளவுக்குப் புள்ளி கொடுத்து வங்கியிலே போட்டுவைப்போம், விட்டுப் போனவன் திரும்பி வந்து தொடரலாம் என்று 2021ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு விதி செய்தபோது, பகைவன் வீட்டுப் பலகாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் படித்துப் பார்த்தேன். ஓராண்டோடு போனால் சான்றிதழ், ஈராண்டோடு போனால் பட்டயம் என்று புதிய கல்விக்கொள்கையிலே வெளியேறும் வாசலைப் பெரிதாகத் திறந்து, தோரணமும் கட்டியிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, 'போதும், ஒரு தாள் கிடைத்துவிட்டது, வேலைக்குப் போ' என்று சொல்ல அது ஒரு சாக்காகிவிடும் என்று தமிழ்நாட்டிலே எழுந்த குரல் சரியான குரல். சரி, திரும்பி வரும் வாசல்? வங்கியிலே போட்ட புள்ளிக்கு ஏழாண்டுதான் ஆயுள் என்றது அந்த விதி! பத்தொன்பது வயதிலே திருமணமாகிப் படிப்பை விட்ட பெண், பிள்ளைகளை வளர்த்துவிட்டு முப்பத்தைந்திலே திரும்பி வருகிறாள். அவளுடைய புள்ளிகள் என்றோ செத்துவிட்டன. கூரைமேலே எழுதியிருப்பது 'வாழ்நாள் கல்வி'. கணக்குப் புத்தகத்திலே ஏழாண்டு. வேகமாக மாறும் கணினித் தொழிலுக்குக் காலக்கெடு வேண்டுமென்றால் வையுங்கள்; தமிழ் இலக்கணமும் வரலாறும் ஏழாண்டிலே ஊசிப்போகுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்வி மாநிலப் பட்டியலிலே இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. இன்று தொழிற்கல்விச் சான்றுகளுக்கெல்லாம் தில்லியிலே ஓர் ஒழுங்குமுறை மன்றம்; 2018ஆம் ஆண்டு அறிவிப்பாலே அமைத்தார்கள். எடைக்கல் அவர்களிடம், தராசு அவர்களிடம். நம் சித்தாள் அம்மையார் தமிழிலே கற்றார், தமிழிலே கலவைக் கணக்குச் சொல்கிறார். அவரை அளக்க வரும் வினாத்தாளும், வினவும் நடுவரும் தமிழ் பேச வேண்டும். 'ரசமட்டம்' என்று சொன்னால் நடுவருக்குப் புரிய வேண்டும்! புரியாத மொழியிலே சோதித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதுவது சோதனையல்ல.

கூலியைப் பற்றி ஒரு சொல். படி உயர்ந்தால் கூலி உயரும் என்ற எழுத்து இல்லாத இடத்திலே, எந்தத் தொழிலாளியும் இரவு வகுப்புக்கு வரமாட்டான். அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. எட்டு மணி நேர வேலையும் இரண்டு மணி நேர இரயிலும் முடித்தவனுக்கு ஆர்வம் ஊட்டச் சொற்பொழிவு போதாது. சிங்கப்பூரிலே 25 வயது நிரம்பிய குடிமகன் ஒவ்வொருவருக்கும் படிப்புச் செலவுக்கென்று 500 வெள்ளி வரவு வைத்தார்கள். 2024இலே 40 வயது கடந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. அது செல்வ நாடு, சின்ன நாடு. அந்த அளவு நம்மாலாகாது. சோதனைக்குப் போகும் நாளின் கூலியையாவது ஈடு செய்யலாம்! நாட்கூலிக்காரன் ஒரு நாள் வேலையை விட்டுத் தேர்வுக்குப் போனால் அன்று அவன் வீட்டிலே அடுப்பு எரியாது. நம் மாநிலத்திலே 1994 முதல் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் வாரியம் ஏற்கட்டும்; அரசு ஒப்பந்த வேலைகளிலே, சான்று பெற்ற கொத்தனாரில் இத்தனை பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதட்டும். அந்த மேஸ்திரியின் சிரிப்பு அன்றைக்கே நிற்கும்.

இவற்றைத் தீர்மானமாக எழுதி ஒன்றியக் கழகத்திடம் தர இருக்கிறோம். 2009ஆம் ஆண்டு ஆணையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்; சிலருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறது; அதிலே ஒரு குறிப்பேடு இருக்கும். பெயர், என்ன தொழில், எத்தனை ஆண்டு, எந்த வகுப்பு வரை படித்தீர்கள் - நான்கே செய்தி. தனித்தேர்வு எழுத விரும்புவோர் தனிப் பக்கத்திலே எழுதுங்கள். அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்து, அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பொறுப்பை வட்டச் செயலாளர்கள் ஏற்றிருக்கிறார்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு நம் மாணவர் அணித் தோழர்கள் எழுதித் தருவார்கள். சித்தாளாக இருப்பவர்கள் 'சித்தாள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்; என்னென்ன தெரியும் என்பதையும் சொல்லுங்கள், பக்கம் போதாவிட்டால் அடுத்த பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். அரக்கோணம் பக்கம் போகும் தோழர்களுக்கு வண்டி நேரமாகிறது. அவர்களுக்கு முதலில் வழி விடுங்கள்.